காளவாசல் முதல் கண்ணாடி உலை வரை: ஒரு தொழிலின் மின்கணக்கை வாசிக்கும் முறை

மதுரையில் தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும் இடத்துக்குக் காளவாசல் என்று பெயர். காளவாய் என்னும் பழைய சொல்லின் தென்மாவட்டப் பேச்சு வடிவம் அது. செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகிற சூளை என்று பொருள். அந்தச் சந்திப்பில் இன்று நிற்பது மேம்பாலம்தான். ஆனால், நகரை விட்டுச் சற்று வெளியே போனால் சூளைகளும் அரவை ஆலைகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் சேம்பர் செங்கல் சூளைகள் புகைகின்றன. மானாமதுரையின் மண்தான் கச்சேரி மேடையில் கடமாக ஒலிக்கிறது. விளாச்சேரியில் கொலு பொம்மைகள் உருவாகின்றன. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் அறுபட்டுப் பளபளப்பாகிறது. விருதுநகரைத் தாண்டி ஆர்.ஆர்.நகரை நெருங்கும்போது சிமெண்ட் ஆலையின் உயர்ந்த கோபுரம் தெரிகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும் இந்தத் தொழில்கள் எல்லாவற்றையும் நாடுகளின் எரிசக்திப் புள்ளிவிவரங்கள் ஒரே தலைப்பில் அடக்குகின்றன. உலோகமல்லாத கனிமப் பொருள் தொழில், அல்லது பாடநூல் தமிழில் அலோகக் கனிமத் தொழில் என்பது அந்தத் தலைப்பு.

எந்த நாடு இந்தத் தொழிலுக்கு எவ்வளவு மின்சாரம் செலவிடுகிறது என்னும் பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவர், எண் பெரிதாக இருந்தால் வீண்செலவு என்றும், சிறிதாக இருந்தால் சிக்கனம் என்றும் எண்ணிவிடுவது இயல்பு. அந்த முடிவு பெரும்பாலும் தவறாகவே அமையும். ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, மின்சாரம் இந்தத் தொழிலுக்குள் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்வதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், தலைப்பின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஐக்கிய நாடுகள் அவையின் தொழில் வகைப்பாட்டில் இது 23-ஆம் பிரிவு. இந்தியாவின் 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டிலும் அதே எண்தான். சிமெண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம் பொருட்கள், கண்ணாடி, செங்கல், ஓடு, டைல்ஸ், பீங்கான், மட்பாண்டம், ரெடிமிக்ஸ் கான்கிரீட், அறுத்துப் பட்டை தீட்டிய கல், சாணைக்கல் ஆகியவை இதில் அடங்கும். இரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவற்றை உருக்குவது உலோகத் தொழிலைச் சேரும். உரமும் சோடா உப்பும் வேதித் தொழிலைச் சேரும். நம் பக்கத்து வாசகர் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மேலூர்க் குவாரியில் கல்லைப் பெயர்த்தெடுப்பதும், கிரஷரில் ஜல்லி உடைப்பதும் சுரங்கத் தொழிலின் கணக்கில் சேரும். அதே கல்லை ஆலைக்குக் கொண்டுவந்து பலகையாக அறுத்து மெருகேற்றினால்தான் அது இந்தத் தலைப்புக்குள் வரும். ஒரே பாறை, லாரியில் ஏறி இறங்கும் தூரத்துக்குள், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறிவிடுகிறது.

அளவைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லிவிட வேண்டும். நம் மின்கட்டண அட்டையில் உள்ள ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது என்பதால், 100 யூனிட் என்றால் எவ்வளவு என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். உலகப் பட்டியல்கள் பயன்படுத்தும் கிகாவாட் மணி என்பது 10 லட்சம் யூனிட். டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பட்டியலையும் வாசித்துவிடலாம்.

இனி சிமெண்டுக்கு வருவோம். பெரும்பாலான நாடுகளில் இந்தத் தலைப்பின் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சிமெண்ட் ஒன்றே எடுத்துக்கொள்கிறது என்பதால், இதைப் புரிந்துகொண்டால் பட்டியலின் பெரும்பகுதி புரிந்ததுபோலத்தான். உலக அளவில் ஒரு டன் சிமெண்ட் உருவாகச் சராசரியாக ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நல்ல இந்திய ஆலைகள் 70 முதல் 80 யூனிட்டுக்குள் முடித்துவிடுகின்றன. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4 யூனிட். ஆக, ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு, அரவை முதல் மூட்டை கட்டுவது வரையான வேலையை, இருபத்தைந்து மூட்டைச் சிமெண்டுக்குச் செய்துவிடலாம்.

இந்த 4 யூனிட்டில் பாதிக்கும் மேல் போவது அரவைக்கு. சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் கிடைக்க வேண்டுமானால், ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் முதலில் மாவாக அரைபட வேண்டும். அந்த மாவு சூளையில் வெந்து, கோலிக்குண்டு அளவில் கிளிங்கர் உருண்டைகளாக வெளிவந்த பிறகு, அவற்றைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்து மறுபடியும் அரைக்க வேண்டும். எவ்வளவு நயமாக என்பதை ஓர் அளவால் சொல்லலாம். சாம்பல் கலந்த பி.பி.சி. வகைச் சிமெண்டில், ஒரு கிலோவிலுள்ள துகள்களின் மொத்தப் புறப்பரப்பு குறைந்தது 300 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நம் ஊர்க் கணக்கில் அது 7 சென்ட் நிலத்துக்கும் சற்று அதிகம். இரு கைகளில் அள்ளக்கூடிய ஒரு கிலோப் பொடிக்குள் 7 சென்ட் பரப்பை உண்டாக்குவதுதான் அரவை ஆலையின் வேலை. அந்தப் பரப்புக்குத்தான் மின்சாரத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

அந்த விலை கூடுவதும் குறைவதும் அரைக்கும் முறையைப் பொறுத்தது. பழைய ஆலைகளில், சுழலும் பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு விழுந்து கிளிங்கரை நொறுக்கும். இதில் மின்சாரத்தின் மிகச் சிறிய பகுதியே புதிய பரப்பை உண்டாக்குகிறது. எஞ்சியது வெப்பமாகவும் இரைச்சலாகவும் போய்விடுகிறது. சுழலும் மேடைமீது கனத்த உருளைகள் அழுத்தி அரைக்கும் புதிய ஆலை, இதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்கிறது. ஒரு நாட்டின் ஆலைகளில் எந்த வகை மிகுதி என்பதே, டன்னுக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கில் ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

அரவைக்கு அடுத்தபடி மின்சாரத்தை எடுத்துக்கொள்பவை மின்விசிறிகள். சூளையின் வெப்பக் காற்றை ஐந்தாறு அடுக்குக் கோபுரத்தின் வழியே இழுத்து, வந்துகொண்டிருக்கும் மாவைச் சூடாக்கி, தூசியை வடிகட்டி வெளியே விடும் வேலை அவற்றுடையது. நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் அந்தக் கோபுரம் இதற்காகத்தான் நிற்கிறது. சூளையைச் சுழற்றும் மோட்டார், கன்வேயர், மூட்டை நிரப்பும் பொறி ஆகியவை மிச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவ்வளவையும் சொன்ன பிறகும் சூளையின் நெருப்பைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் கிளிங்கர் ஆகும். அந்த வெப்பத்தைத் தருவது மின்சாரம் இல்லை. நிலக்கரி, பெட்ரோலியக் கோக், எரிவாயு, கழிவு எரிபொருள் ஆகியவைதாம் அதைத் தருகின்றன. நல்ல ஆலையில் ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 3.2 கிகாஜூல் வெப்பம் தேவை. யூனிட்டாக மாற்றினால் ஏறத்தாழ 890. ஆலைக்குள் செலவாகும் மொத்த எரிசக்தியில் மின்சாரத்தின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது.

இட்லிக்கு மாவு அரைப்பது மின்சாரம். இட்லியை வேகவைப்பது சிலிண்டர். ஒரு வீட்டின் மின்கட்டண அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் எத்தனை சிலிண்டர் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அம்மியில் அரைத்து விறகில் சமைக்கும் வீட்டின் மின்கணக்கு மிகக் குறைவாக இருக்கும். இண்டக்ஷன் அடுப்பு வாங்கிய வீட்டின் கணக்கு உயர்ந்திருக்கும். இரண்டில் எந்த வீட்டுச் சமையலறையில் புகை அதிகம் என்பதை அட்டையிலுள்ள எண் சொல்லாது. சிமெண்டுக்கு முந்திய காலத்திலும் இதே வேலைப் பிரிவினைதான் இருந்தது. காளவாசலில் விறகு சுண்ணாம்பைச் சுட்டது. வட்டப் பள்ளத்தில் கல் உருளையை இழுத்துக் காரையை அரைத்தவை மாடுகள். மாட்டின் இடத்துக்கு மின் மோட்டார் வந்தது, விறகின் இடத்துக்கு நிலக்கரி வந்தது. நாடுகளின் மின்பட்டியலில் நாம் பார்ப்பது, பெரும்பாலும், மாட்டின் வேலைக்கான கணக்கை மட்டுமே.

தலைப்புக்குள் இருக்கும் மற்றப் பொருட்கள் இந்த விகிதத்தை வேறு வேறு விதமாகக் காட்டுகின்றன. சூளைச் செங்கல்லுக்கு மின்சாரம் மிகக் குறைவு. கையால் அறுத்து வெயிலில் காயவைத்துச் சூளையில் சுடும் கல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தவிர வேறு மின்செலவு ஏது? ஒயர்கட் கல்லானால் மண்ணைப் பிசைந்து அழுத்தித் தள்ளும் பொறிக்கு மின்சாரம் வேண்டும். தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் சாம்பல் போன்றவற்றைக் கொண்டு செய்யும் சாம்பல் செங்கல்லுக்குச் சூளையே வேண்டாம். அழுத்தும் பொறிக்கு மட்டும் மின்சாரம் போதும், பிறகு தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். கிரானைட் ஆலையோ முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. ஆக, சூளைச் செங்கல்லிலிருந்து சாம்பல் செங்கல்லுக்கு மாறும் ஓர் ஊரில் நெருப்பு குறையும், மின்கணக்கு கூடும். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது பின்னடைவாகத் தோன்றும்.

கண்ணாடியின் இயல்பு தனியாகச் சொல்லத் தக்கது. அறை வெப்பத்தில் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உருகியபின் அதிலுள்ள சோடியம் அயனிகள் நகரத் தொடங்குவதால் கடத்தும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, உருகிய கண்ணாடிக்குள் மாலிப்டினம் மின்முனைகளை அமிழ்த்தி, உள்ளிருந்தே சூடேற்ற முடியும். பெரிய உலைகள் எரிவாயுவில் ஓடினாலும், இப்படிக் கூடுதல் வெப்பமாக மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். சிறிய உலைகள் சில முழுவதும் மின்சாரத்திலேயே ஓடுகின்றன. கண்ணாடி உலையை ஒருமுறை மூட்டினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் அணைக்காமல் ஓட்டுவார்கள் என்பதால், இன்று எடுக்கும் எரிபொருள் முடிவு ஒரு தலைமுறைக் குழந்தை பள்ளியை முடிக்கும் வரை நீடிக்கும்.

இந்த அறிவோடு இப்போது நாடுகளின் வரிசையைப் பார்க்கலாம். முதலிடத்தில் சீனா. உலகில் ஆண்டுதோறும் உருவாகும் ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டில் பாதியளவு அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. 2014-இல் அதன் உற்பத்தி 250 கோடி டன்னை நெருங்கி, பின்னர் இறங்கத் தொடங்கியது. இரண்டாமிடத்தில், ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் உற்பத்தி செய்யும் இந்தியா. டன்னுக்கு 75 யூனிட் என்று வைத்துக்கொண்டாலே, இந்தியச் சிமெண்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 3,000 கோடி யூனிட், அதாவது 30 டெராவாட் மணி ஆகிறது. இந்த மொத்த எண்கள் கட்டுமானத்தின் அளவைத்தான் நமக்குச் சொல்கின்றன. ஒரு நாடு எவ்வளவு வேகமாக வீடும் பாலமும் கட்டுகிறது என்பதை அவற்றிலிருந்து ஊகிக்கலாம். எவ்வளவு திறமையாகக் கட்டுகிறது என்பதை ஊகிக்க முடியாது.

திறமையை அறிய ஒரு டன்னுக்கான கணக்குக்குப் போக வேண்டும். அங்கே, புதிதாகப் படிப்பவருக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று காத்திருக்கிறது. ஜெர்மனியில் ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட் செலவாகிறது. இந்தியாவில் அதைவிடத் தெளிவாகக் குறைவு. இந்தியாவில் சிமெண்ட் மீதான விலைக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் நீங்கியபின் எழுந்த ஆலைகளே மிகுதி என்பதால், புதிய வகை உருளை அரவை இங்கே பரவலாக வந்துவிட்டது. ஆலைகளுக்கான மின்கட்டணம் உயர்வாக இருப்பது சிக்கனத்தைக் கட்டாயமாக்கியது. 2012-இல் நடுவண் அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கிய திட்டம் பெரிய சிமெண்ட் ஆலை ஒவ்வொன்றுக்கும் இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டிச் சேமித்த ஆலை அந்தச் சேமிப்பைச் சான்றிதழாக விற்க அத்திட்டம் வழிசெய்தது. இவற்றோடு, பி.பி.சி. சிமெண்டில் 35 விழுக்காடு வரை சேர்க்கப்படும் அனல் மின்நிலையச் சாம்பல் ஏற்கெனவே நயமான பொடி. அதை அரைக்க அதிக மின்சாரம் தேவையில்லை.

ஆனால், இதைக் கொண்டு ஜெர்மனி மின்சாரத்தை வீணடிக்கிறது என்று முடிவுகட்டினால் நாம் மறுபடியும் மின்கட்டண அட்டையைப் பார்த்துச் சமையலை மதிப்பிட்டவர்கள் ஆகிவிடுவோம். அங்கே நயமாக அரைத்த, விரைவில் இறுகும் சிமெண்டுக்குத் தேவை மிகுதி. நிலக்கரிக்குப் பதிலாகக் கழிவு எரிபொருளை எரிக்க அதை வெட்டவும் உலர்த்தவும் ஊட்டவும் மின்சாரம் வேண்டும். தூசியையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டும். இரும்பாலைக் கசடு சேர்த்த சிமெண்டிலும் இதே நிலைதான்: கசடு கிளிங்கரைவிடக் கடினமானது, அரைக்கக் கூடுதல் மின்சாரம் கேட்கும், ஆனால், சேர்க்கும் ஒவ்வொரு டன் கசடும் அந்த அளவுக்குச் சூளையின் நெருப்பைக் குறைக்கிறது. என் பார்வையில், சூளை வெப்பத்தையும் பக்கத்தில் வைக்காமல் டன்னுக்கு இத்தனை யூனிட் என்று நாடுகளை ஒப்பிடுவது பாதிக் கணக்கு.

வங்கதேசம் இதற்கு இன்னொரு வகைச் சான்று. அந்நாட்டில் சுண்ணாம்புக்கல் மிக அரிது. சாதக்கில் உள்ள ஆலைக்கான சுண்ணாம்புக்கல், இந்தியாவின் மேகாலயாவிலிருந்து எல்லையைத் தாண்டி 17 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயரில் போகிறது. மற்றபடி அங்குள்ள சிமெண்ட் ஆலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைத்துத் தருபவை. அதனால், அந்நாட்டின் பட்டியலில் அரவையின் மின்சாரம் முழுமையாகத் தெரியும். சூளையின் நெருப்போ கிளிங்கரை விற்ற நாட்டின் கணக்கில் எரிந்து முடிந்திருக்கும். சிமெண்டும் கிளிங்கரும் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் வியட்நாமில் நிலைமை நேர்மாறு: பிறநாட்டு வீடுகளுக்கான மின்சாரமும் நிலக்கரியும் அதன் பெயரில் பதிவாகின்றன. நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் மலிவாகக் கிடைக்கும் ஐஸ்லாந்தில் பாறையை மின் உலையிலேயே உருக்கி, கட்டடங்களில் வெப்பத்தடுப்பாகப் பயன்படும் பாறைப்பஞ்சு செய்கிறார்கள்; அங்கே மின்சாரமே நெருப்பின் வேலையையும் செய்கிறது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் எண்ணை மாற்றும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரையில் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சூளையை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. நின்றால் உள்ளே பதித்த வெப்பந்தாங்கும் செங்கல் விரிசல் விடும். அதனால்தான் சிமெண்ட் ஆலைகள் தங்களுக்கென்று மின்நிலையம் வைத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் அதற்குக் காற்றாலையும் சேர்ந்துகொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் ஆண்டிபட்டிப் பக்கத்திலும் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தை, தொழிற்சாலைகள் மின்வாரியத்தின் கம்பி வழியாகத் தங்கள் இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். பல நுகர்வோர் சேர்ந்து பங்கு போட்டால், குறைந்தது 26 விழுக்காடு பங்கை அவர்கள் வைத்திருக்க வேண்டும், 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் மின்சாரத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு மின்சார விதி. சூளையின் கழிவு வெப்பத்திலிருந்து நீராவி எடுத்து ஆலைத் தேவையில் கால்பங்கு வரை மின்சாரம் பெறுவதும் உண்டு. மின்வாரியம் விற்றதை மட்டும் கூட்டுகிற கணக்கில் இவை எவையும் தென்படா. சொந்த உற்பத்தியையும் சேர்க்கிற கணக்கில் தென்படும். எனவே, ஒரே நாட்டுக்கு இரண்டு பட்டியல்கள் இரண்டு எண்களைக் காட்டினால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பட்டியலில் இடமே பெறாதவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவை எரிக்கும் கரியும் விறகும் கருவேலமும் பெரும்பாலும் முறையான பதிவேடுகளுக்கு வெளியே வாங்கப்படுபவை, மின்இணைப்போ பெயரளவுக்குத்தான். மின்சார எண்ணைக் கொண்டு பார்த்தால் அங்கே எதுவுமே நடக்காததுபோல இருக்கும். ஆனால், அங்கே வெயிலில் குனிந்து கல் அறுப்பவர்களும், சூளையின் வாயருகே நின்று கரி போடுபவர்களும், அவர்களோடு வந்து புகையை மூச்சாக வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மின்சாரம் குறைவு என்பது அங்கே சிக்கனத்தின் அடையாளமாக இல்லை. பொறி செய்ய வேண்டிய வேலையை மனித உடல் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கிறது.

இனிவரும் ஆண்டுகளில் இந்தப் பட்டியலின் எண்கள் ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி நல்ல காரணத்தால் நிகழும். சூளையின் வெப்பத்தையும் தூய மின்சாரத்தால் தருவதற்கான சோதனைகள் ஐரோப்பாவில் நடந்து வருகின்றன. அது கைகூடினால், இப்போது சிமெண்ட் டன்னுக்கு ஆகும் 80 யூனிட்டோடு கிளிங்கர் டன்னுக்கு 890 யூனிட்டை ஒட்டிய வெப்பமும் மின்கணக்கில் வந்து சேரும். எண் ஏறத்தாழ பத்து மடங்காகும், நிலக்கரிப் புகை இருக்காது. அப்போதும் ஒரு மிச்சம் உண்டு. சுண்ணாம்புக்கல் சூடாகும்போது அதற்குள் கட்டுண்டிருந்த கார்பன் டை ஆக்ஸைடு விடுபடுகிறது. சிமெண்ட் ஆலை வெளியிடும் அந்த வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. எந்த மின்சாரத்தாலும் அதைத் தடுக்க முடியாது, பிடித்துத்தான் வைக்க வேண்டும். நார்வேயின் ப்ரேவிக் நகரிலுள்ள சிமெண்ட் ஆலையில் 2025-இல் திறக்கப்பட்ட அமைப்பு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து, திரவமாக்கி, வடகடலின் அடிப்பாறைக்குள் சேமிக்க அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. அந்த வாயுவைப் பிடிக்கவும் அழுத்தித் திரவமாக்கவும் ஆகும் மின்சாரமும், நார்வேயின் கணக்கில் இதே தலைப்பின் கீழேதான் ஏறும்.